காவல் நிலையத்தில் பொறுப்பேற்கப் போகிறீர்களா? உத்தரவு போடுவதற்கு முன் படியுங்கள்

நிலையத்தின் எழுத்து வேலையைப் பார்க்கும் காவலரான ரைட்டரின் மேசையில், கீழ் இழுப்பறையில் 41 புகார் மனுக்கள் இருந்தன. எல்லாம் வெள்ளைத்தாளில் எழுதி வாங்கியவை. ஒன்றுகூடப் பதிவேட்டில் ஏறவில்லை. சைக்கிள் திருட்டு, கணவன் அடித்தது, கடன் கொடுத்தவன் மிரட்டியது, பறிபோன கைப்பேசி. நான் அந்த நிலையத்துக்கு வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. வந்த முதல் வாரமே "எந்தப் புகாரையும் பதியாமல் திருப்பி அனுப்பக் கூடாது" என்று உத்தரவு போட்டு, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தேன். அந்தத் தாள் அப்போதும் பலகையில்தான் இருந்தது.

ரைட்டரைக் கூப்பிட்டுக் கேட்டேன். 26 வருட சர்வீஸ் உள்ளவர். பயப்படவும் இல்லை, மழுப்பவும் இல்லை. "அய்யா, தினமும் ரோல் கால்ல நீங்க கேக்கிற முதல் கேள்வி, நேத்து எத்தனை கேஸுங்கறதுதான். எண்ணிக்கை கூடினா உங்க முகம் மாறுது. நாங்க அந்த முகத்தைப் பார்த்துத்தானே வேலை செய்றோம்" என்றார். ரோல் கால் என்பது வேலை தொடங்கும்முன் எல்லோரையும் நிறுத்திப் பேசும் கூட்டம்.

அந்த 41 மனுக்களையும் இழுப்பறைக்குள் தள்ளியது என் கேள்விதான் என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கு அன்றைய இரவு முழுவதும் ஆனது.

31 வருடம் காவல் பணியில் இருந்தேன். நான்கு இடங்களில் தலைமைப் பொறுப்பு. முதல் இரண்டு இடங்களில் ஒன்றையும் மாற்ற முடியவில்லை. மூன்றாவதில்தான் இந்த இழுப்பறை. நான்காவதில் கொஞ்சம் கற்றுக்கொண்டு போனேன். ஒரு நிலையத்துக்கோ, ஒரு பிரிவுக்கோ, ஒரு மாவட்டத்துக்கோ புதிதாகத் தலைமையேற்று, "இங்கே இருக்கிற பழக்கம் மாற வேண்டும்" என்று நினைக்கிற ஒருவருக்காக இதை எழுதுகிறேன்.

முதல் மாதம்: பாருங்கள், கேளுங்கள்

ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. காவலில் இருக்கிற ஆள் மீது கை வைக்கக் கூடாது என்பதை முதல் நாள், முதல் ரோல் காலில், எல்லோர் கண்ணையும் பார்த்துச் சொல்லிவிடுங்கள். அன்று இரவே முன்னறிவிப்பில்லாமல் லாக்கப்புக்குப் போய்ப் பாருங்கள். மற்றவை எல்லாம் ஒரு மாதம் பொறுக்கும்.

நிறுவனங்களின் பண்பாட்டை ஆராய்ந்த எட்கர் ஷைன் அதை மூன்று அடுக்காகப் பிரித்தார். கண்ணுக்குத் தெரிவது ஒன்று. வாயால் சொல்லிக்கொள்வது இன்னொன்று. யாரும் சொல்லாமலேயே எல்லோரும் உண்மை என்று எடுத்துக்கொண்டது மூன்றாவது. காவல் துறையில் முதல் இரண்டும் பளபளப்பாகவே இருக்கும். சுவரில் வாசகம், மேசையில் கொடி, விறைப்பான சல்யூட். நீங்கள் தேட வேண்டியது மூன்றாவதை.

அதற்கு நான் செய்தது, புகார் கொடுக்க வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சில் போய் உட்கார்ந்ததுதான். சாதாரண உடையில், பொறுப்பேற்பதற்கு முந்தைய நாள். என் பக்கத்தில் ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மா, மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே பூட்ஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து நின்றார். சத்தம் கடந்து போனதும் உட்கார்ந்தார். ஒரு மணி நேரத்தில் பதினான்கு முறை எண்ணினேன். "உட்காருங்கம்மா, இதோ வந்துடறேன்" என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. மறுநாள் அதே ஆட்களோடு பேசினேன், பெரும்பாலோர் நல்லவர்கள். வருகிறவர் காத்திருப்பதுதான் இயல்பு என்று அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் மனதில் பதிந்து போயிருந்தது. மூன்றாவது அடுக்கு என்பது அதுதான்.

அப்புறம், இருப்பதிலேயே இளைய காவலரைத் தனியாகக் கூப்பிட்டு, "வந்த முதல் வாரம் உனக்கு யார் என்ன சொல்லிக் கொடுத்தாங்க?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். எனக்கு ஒரு பையன் சொன்ன பதில்: "மனுவை முதல்ல வெள்ளைத்தாள்ல வாங்கணும், ரிஜிஸ்டரைத் தொடக் கூடாதுன்னு சொன்னாங்க அய்யா." பயிற்சிப் பள்ளியில் மாதக்கணக்கில் சட்டம் படித்துவிட்டு வந்தவன் அவன்.

கடைசியாக, கடந்த ஆறு மாத டூட்டி ரோஸ்டரையும் புகார்க் கோப்பையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். ரோஸ்டரைப் பார்த்தால் நிலையத்தை உண்மையில் யார் நடத்துகிறார் என்று தெரிந்துவிடும். யாருக்கு எப்போதும் இரவுப் பாரா என்ற காவல் வேலை, யாருக்கு எப்போதும் கோர்ட் டூட்டி, யார் எதிர்த்துப் பேசிய மறுவாரம் தூரப் பந்தோபஸ்துக்குப் போனார் எல்லாம் அதில் இருக்கும். புகார்க் கோப்பில், திரும்பத் திரும்ப வருகிற பெயர்களை எண்ணுங்கள். லாஸ் ஏஞ்சலஸில் 1991இல் ராட்னி கிங்கைப் போலீஸார் அடித்த வீடியோ வெளியான பிறகு அமைந்த கிறிஸ்டோபர் கமிஷன் இதைத்தான் செய்தது. அத்துமீறிப் பலம் பிரயோகித்ததாகப் புகாருக்கு ஆளான சுமார் 1,800 பேரில் 1,400 பேருக்கு மேல் ஒன்றோ இரண்டோ புகார்தான். 44 பேர் மீது மட்டும் ஆறும் அதற்கு மேலும். அந்த 44 பேரைக் கண்டுபிடிக்கத் துறைக்கு எந்தப் புதுத் தகவலும் தேவைப்பட்டிருக்காது. எல்லாம் அதன் கோப்பிலேயே இருந்தது. உங்கள் நிலையத்தில் அப்படி இரண்டு மூன்று பெயர்கள் இருக்கலாம். அவர்களில் ஒருவர் எல்லோராலும் "திறமையான ஆள்" என்று சொல்லப்படுபவராக இருக்கக்கூடும். குறித்துக்கொள்ளுங்கள்.

ரோல் காலில் கேட்கும் கேள்வியை மாற்றுங்கள்

என் அனுபவத்தில் இதைவிட வேகமாக வேலை செய்யும் கருவி வேறில்லை. தவறாகப் பயன்படுத்தினால் இதைவிட வேகமாகக் கெடுப்பதும் வேறில்லை.

நியூயார்க்கில் 1994இல் வில்லியம் பிராட்டன் ஆணையராக வந்தபோது காம்ப்ஸ்டாட் என்ற கூட்டமுறை தொடங்கியது. ஒவ்வொரு பகுதியின் தலைவரையும் வரைபடத்துக்கு முன் நிறுத்தி, உன் பகுதியில் ஏன் இந்தக் குற்றம் கூடியது, என்ன செய்தாய் என்று கேட்பார்கள். அதுவரை யாரும் யாரையும் அப்படிக் கேட்டதில்லை. தூங்கிக் கிடந்த துறை விழித்துக்கொண்டது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் கேள்வி முழுவதும் எண்ணிக்கையைச் சுற்றியே இருந்தால் கீழே இருப்பவர்கள் எண்ணிக்கையைத்தான் சரிசெய்வார்கள். குற்றங்களைத் தரம் குறைத்துப் பதிகிறார்கள் என்ற புகார் அங்கும் பின்னாளில் எழுந்தது. இங்கிலாந்து, வேல்ஸ் காவல் படைகளைச் சோதித்த ஆய்வாளர் அமைப்பு 2014இல் சொன்ன கணக்கு இன்னும் கனமானது. காவல் துறையிடம் வந்து சேர்ந்த குற்றங்களில் 19 சதவீதம், ஆண்டுக்கு 8 லட்சத்துக்கும் மேல், பதிவே ஆகவில்லை. அதே ஆண்டு, காவல் துறைப் பதிவுகளை அடிப்படையாகக் கொண்ட குற்றப் புள்ளிவிவரம் தேசியப் புள்ளிவிவரம் என்ற நம்பகத் தகுதியையும் இழந்தது. அத்தனை நிலையங்களிலும் ஏதோ ஓர் இழுப்பறை இருந்திருக்கிறது. அந்த இழுப்பறைகளுக்கு மேலே, ஏதோ ஒரு மேசையில், என்னைப் போல ஒருவர் "எத்தனை?" என்று கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்.

நான் "எத்தனை கேஸ்" என்பதை நிறுத்தினேன். பதிலாகத் தினமும் மூன்று கேள்விகள். நேற்று வந்தவர்களில் அதிக நேரம் காத்திருந்தவர் யார், ஏன்? பதியாமல் அனுப்பிய மனு எது, என்ன சொல்லி அனுப்பினீர்கள்? நேற்று யாராவது சக காவலர் ஒருவரை அத்துமீறாமல் தடுத்தீர்களா? மூன்றாவது கேள்விக்குப் பல வாரம் யாரும் பதில் சொல்லவில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதல் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் யார் எப்போது வந்தார் என்று எழுதி வைத்தாக வேண்டும். நான் தனியாக உத்தரவு எதுவும் போடவில்லை. ஒன்பதாம் நாள் பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டும் கட்டித் தொங்கவிட்ட பேனாவும் வந்திருந்தன. வைத்தவர் அதே ரைட்டர்.

இங்கே ஒரு எச்சரிக்கை, இதைச் செய்யாமல் போனால் உங்கள் முயற்சி இரண்டாவது மாதத்திலேயே நின்றுவிடும். நேர்மையாகப் பதிந்தால் எண்ணிக்கை கூடும். எனக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது. பக்கத்து நிலையங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் மேலதிகாரிக்கு, நீங்கள் வந்ததும் குற்றம் பெருகிவிட்டதாகத் தெரியும். அவர் கூப்பிடும் வரை காத்திருக்காதீர்கள். மாற்றம் தொடங்குவதற்கு முன்பே போய், "அடுத்த மூன்று மாதம் பதிவு கூடும், காரணம் இது" என்று நேரில் சொல்லி, எழுத்திலும் கொடுத்துவிடுங்கள். நான் நேரில் மட்டும் சொன்னேன். அவர் மாற்றலாகி வேறொருவர் வந்தபோது, சொன்னதற்குச் சாட்சி இல்லாமல் மாட்டிக்கொண்டேன். கடிதம் கொடுத்தது அதற்குப் பிறகுதான்.

புதியவரை யாரிடம் ஒப்படைக்கிறீர்கள்?

அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் நடந்ததை உலகமே பார்த்தது. ஆனால் அதைக் காவல் அதிகாரியாக இன்னொரு முறை பாருங்கள். 2020 மே 25. ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் ஒன்பது நிமிடத்துக்கும் மேல் முழங்காலை வைத்திருந்த டெரெக் ஷோவின் 19 ஆண்டு அனுபவம் உள்ளவர், புதியவர்களுக்குக் களப்பயிற்சி கொடுப்பவர். உடன் இருந்த அலெக்சாண்டர் குயெங் அவரிடமே பயிற்சி பெற்றவர். தாமஸ் லேனுக்கு அது முழுநேரக் காவலராக நான்காவது நாள். இவரைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைக்கலாமா என்று லேன் இரண்டு முறை கேட்டார். ஷோவின் வேண்டாம் என்றார். நாடித் துடிப்பு தெரியவில்லை என்று குயெங் சொன்னார். அதற்கு மேல் யாரும் ஒன்றும் செய்யவில்லை. ஃபிளாய்ட் இறந்துபோனார்.

இப்போது இதையும் சேர்த்துப் பாருங்கள். சக காவலர் அத்துமீறினால் தடுத்தே ஆக வேண்டும் என்ற விதி அந்தத் துறையில் 2016 முதலே எழுத்தில் இருந்தது. தலைமையிலும் குறை சொல்ல முடியாது. 2017இல் தலைவரான மெடேரியா அரடோண்டோ, துறைக்குள் நிறப் பாகுபாடு இருக்கிறது என்று 2007இல் தன் சொந்தத் துறை மீதே வழக்குப் போட்டவர்களில் ஒருவர். பிறகு ஷோவின் வழக்கில், அவர் செய்தது துறையின் விதிகளுக்கு எதிரானது என்று நீதிமன்றத்தில் சாட்சியும் சொன்னார். மேலே நல்ல தலைவர், காகிதத்தில் நல்ல விதி. நடுவில் இருந்த பயிற்சியாளரைத் தாண்டி இரண்டுமே அந்தத் தெருவுக்கு வந்து சேரவில்லை.

அதனால் உங்கள் கையில் இருக்கிற நியமனங்களிலேயே பெரியது, புதிதாக வருகிற காவலரை முதல் ஆறு மாதம் யாரோடு அனுப்புவது என்பதுதான். வழக்கமாக இதை ரைட்டர் முடிவு செய்வார், யார் கையில் ஆள் குறைவோ அவருக்கு. அந்த முடிவை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். என் நிலையத்தில் "திறமையான" ஒருவர் இருந்தார். எந்த வழக்கும் அவரிடம் இரண்டு நாளில் முடியும், எப்படி என்று யாரும் கேட்பதில்லை. பையன்கள் அவரைத்தான் சுற்றி நின்றார்கள். அவரைத் தண்டித்து ஒதுக்கவில்லை. சம்மன், வாரண்ட் வேலைக்கு மாற்றி, அது எவ்வளவு தேங்கிக் கிடக்கிறது என்று விளக்கிச் சொன்னேன், தேங்கித்தான் கிடந்தது. புதியவர்களை அதிகம் பேசாத ஓர் ஏட்டிடம் கொடுத்தேன். அவர் யாரிடம் பேசினாலும் முதலில் பெயரைக் கேட்பார், அப்புறம் பெயரைச் சொல்லியே பேசுவார். ஓராண்டில் மூன்று பையன்களும் அப்படியே பேசினார்கள். வகுப்பு எடுத்து இதை உண்டாக்க முடியாது.

தடுப்பதற்கு ஒரு வார்த்தை கொடுங்கள்

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் காவல் துறை 2016 வாக்கில் எபிக் என்ற பயிற்சியைத் தொடங்கியது. சக காவலர் தப்புச் செய்யப் போகும்போது இடையில் புகுந்து நிறுத்துவது எப்படி, நிறுத்தப்பட்டவர் அதை எப்படி ஏற்றுக்கொள்வது என்று இரு பக்கமும் பழக்குகிறார்கள். தப்பு நடந்த பிறகு காட்டிக் கொடுப்பதைப் பற்றியது இல்லை அது. நடக்கவிருக்கும் நொடியில் நண்பனின் வேலையைக் காப்பாற்றுவது. இந்தக் கோணம் எனக்குப் பிடித்திருந்தது. "புகார் சொல்" என்றால் எங்கள் ஆட்கள் யாரும் சொல்ல மாட்டார்கள். "உன் ஏட்டையாவோட பென்ஷனைக் காப்பாத்து" என்றால் கேட்பார்கள்.

ஆனால் நாங்கள் பேசுகிற பேச்சில் ஒரு சிக்கல் இருந்தது. எட்டு மாத சர்வீஸ் உள்ள பையன், இருபது வருட சர்வீஸ் உள்ள ஏட்டையாவைப் பார்த்து, அதுவும் வெளி ஆள் முன்னால், "நிறுத்துங்க" என்று எப்படிச் சொல்வான்? மரியாதை குறையாமல் அதைச் சொல்ல அவன் வாயில் சொல்லே இல்லை. அதனால் ஒரு வாக்கியத்தை முடிவு செய்துகொண்டோம்: "அய்யா, உங்களுக்கு ஃபோன்." யார் யாரிடம் சொன்னாலும் அர்த்தம் ஒன்றுதான். கேட்டவர் ஒன்றும் பேசாமல் வெளியே போக வேண்டும், சொன்னவர் அந்த இடத்தை எடுத்துக்கொள்வார். ஒரு வாரம் ரோல் காலுக்குப் பிறகு பத்துப் பத்து நிமிடம் நடித்துப் பழகினோம். முதலில் நானே எழுந்து போய்க் காட்டினேன். இரண்டாம் நாளிலிருந்து சீனியர்களை மட்டும் பழக்கினேன். கடினமான பகுதி எழுந்து போவதுதான், சொல்வது இல்லை.

ஆறு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஒரு நாள் இரவு, சங்கிலி பறித்ததாகப் பிடித்து வந்த ஒரு பையன், எஸ்.ஐ. முகத்துக்கு நேராக ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டான். எஸ்.ஐ.யின் கை மேலே போனது. மூலையில் ரிஜிஸ்டர் பிடித்துக்கொண்டு நின்ற காவலர், குரல் நடுங்க, "அய்யா, உங்களுக்கு ஃபோன்" என்றார். கை அப்படியே நின்றது. எஸ்.ஐ. வெளியே போய் வளாகத்தை இரண்டு சுற்று நடந்திருக்கிறார். இரண்டு நாள் அந்தக் காவலரிடம் பேசவில்லை.

மறுநாள் ரோல் காலில் மூன்றாவது கேள்விக்கு முதல் முறையாகப் பதில் வந்தது. நான் முதலில் நன்றி சொன்னது எஸ்.ஐ.க்கு. எழுந்து போனதற்காக, எல்லோர் முன்னாலும். அப்புறம்தான் காவலருக்கு. இந்த வரிசை முக்கியம். தடுத்தவரை மட்டும் கொண்டாடினால் தடுக்கப்பட்டவர் அவமானப்பட்டுப் போவார், அடுத்த முறை யாரும் எழுந்து போக மாட்டார்கள். அன்றைக்கு அந்த எஸ்.ஐ.யின் முகத்தில் இறுக்கம் தளர்ந்ததைப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் இதைவிட நிறைவான காலை எனக்கு வாய்த்ததில்லை.

உங்கள் ஆட்களையும் பெஞ்சில் காக்க வைக்காதீர்கள்

பதினாறு மணி நேரம் பந்தோபஸ்தில் நின்றுவிட்டு வந்தவரிடம், வருகிறவரைக் கனிவாக நடத்து என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விடுப்பு மனு என் மேசையில் எத்தனை நாள் கிடக்கிறதோ, பொதுமக்களின் மனுவும் அவர் மேசையில் அத்தனை நாள் கிடக்கும். ரோஸ்டரை இரண்டு வாரத்துக்கு முன்பே எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டுங்கள். இரவுப் பாராவைச் சுழற்சியில் வையுங்கள், உங்களுக்கு வேண்டியவர்களையும் சேர்த்து. விடுப்பு இல்லை என்றால் காரணத்தை அன்றே சொல்லுங்கள்.

முதல் தப்பு நடக்கும்போது நிலையமே உங்களைப் பார்க்கும். தவறு செய்து உண்மையைச் சொன்னவருக்கும், தவறு செய்து, நிலையத்தில் நடப்பதை நேரத்தோடு எழுதும் ஜெனரல் டைரியில் நேரத்தைத் திருத்தியவருக்கும் ஒரே மெமோ கொடுத்தீர்கள் என்றால், அடுத்த முறை எல்லோரும் திருத்துவார்கள்.

பெயரை மாற்றினால் போதுமா?

பெரிய அளவில் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இரண்டு வரி. ஜார்ஜியா நாட்டில் 2003 புரட்சிக்குப் பிறகு வந்த அரசு, லஞ்சத்தில் ஊறிய போக்குவரத்துக் காவல் பிரிவையே கலைத்துப் பல ஆயிரம் பேரை வீட்டுக்கு அனுப்பியது. புதிய ஆட்கள், நல்ல சம்பளம், கண்ணாடிச் சுவர் வைத்த நிலையங்கள். சாலையில் லஞ்சத்துக்குக் கைநீட்டும் பழக்கம் உண்மையாகவே ஒழிந்தது. ஆனால் 2012இல் அதே நாட்டின் சிறையில் கைதிகள் சித்திரவதை செய்யப்பட்ட வீடியோக்கள் வெளிவந்தன. லஞ்சத்தைப் பற்றிக் கேட்ட அளவுக்கு அடி உதையைப் பற்றி மேலே இருந்து யாரும் கேட்கவில்லை என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

வட அயர்லாந்தில் காவல் படையைச் சீரமைக்க அமைந்த பேட்டன் ஆணையம் 1999இல் 175 பரிந்துரைகள் கொடுத்தது. 2001இல் படையின் பெயர், சின்னம் எல்லாம் மாறின. கத்தோலிக்கருக்குப் பாதி இடம் என்று பத்து ஆண்டுகள் ஆள் எடுத்து, சுமார் 8 சதவீதமாக இருந்த அவர்கள் பங்கை 30 சதவீதத்தை ஒட்டிக் கொண்டுவந்தார்கள். நான் கவனிக்கச் சொல்வது, பரிந்துரைகள் நிறைவேறுகின்றனவா என்று கேட்க வெளியிலிருந்து ஒரு கண்காணிப்பு ஆணையரை வைத்து, 2007 வரை அவர் அறிக்கை கொடுத்துக்கொண்டே இருந்ததை. கேள்வி கேட்க வெளியாள் ஒருவர் இருந்தால், உள்ளே இருப்பவர் களைத்துப் போனாலும் கேள்வி நிற்காது. ஒரு நிலையத்தில் அதைச் சின்ன அளவில் செய்யலாம். பெஞ்சுக்குப் பக்கத்து நோட்டை மாதம் ஒரு முறை உள்ளூர் ஆசிரியர் ஒருவரையும் வழக்கறிஞர் ஒருவரையும் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். அவர்கள் ஒன்றும் கண்டிக்கவில்லை, படித்துவிட்டு ஏன் என்று கேட்டார்கள்.

கிளம்புவதற்கு முன்

மாற்றல் வரும், அதுவும் நினைத்ததற்கு முன்னால் வரும். முதல் மாதத்திலிருந்தே வாரம் ஒரு நாள் ரோல் காலை எஸ்.ஐ.யோ ஏட்டோ நடத்தட்டும், அதே மூன்று கேள்விகளோடு. ஆறாம் மாதத்தில் வாரம் மூன்று நாள். அன்றைக்கு நீங்கள் அறைக்குள் இருக்காதீர்கள், கேள்வி உங்கள் முகத்தோடு ஒட்டிக்கொண்டால் உங்களோடு போய்விடும்.

அடுத்து வருகிறவருக்கு ஒரு பக்கத்துக்கு மேல் போகாத குறிப்பு எழுதுங்கள். சாதனை எதுவும் அதில் வேண்டாம். நான் எழுதியது: புதியவர்களை எந்த ஏட்டோடு அனுப்புகிறோம், ஏன். மூன்று கேள்விகள். ஃபோன் வந்திருக்கிறது என்று யாராவது சொன்னால் என்ன அர்த்தம். பதிவு எண்ணிக்கை கூடியதற்குக் காரணம், மேலதிகாரிக்குக் கொடுத்த கடிதத்தின் தேதி. ரைட்டர் மேசையின் கீழ் இழுப்பறையை மாதம் ஒரு முறை நீங்களே திறந்து பாருங்கள்.

இரண்டு பிரதி எடுத்தேன். ஒன்றை வருகிறவர் மேசையில் வைத்தேன். இன்னொன்றை ரைட்டரிடம் கொடுத்தேன், அவர் படித்துவிட்டு அந்தக் கீழ் இழுப்பறையிலேயே வைத்துக்கொண்டார்.